ஸ்கேனில் ஒன்றும் இல்லை

ராத்திரி டியூட்டியில் இரண்டு மணிக்கு மேல் ஆள் வரத்து குறையும். விபத்துக் கேஸ் எதுவும் வராவிட்டால் கன்சோல் அறையில் ஏ.சி. சத்தம் மட்டும்தான். 2023 அக்டோபரில் அப்படி ஒரு ராத்திரி, கைப்பேசியில் ஒரு படம் கண்ணில் பட்டது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு பக்கம் நசுங்கி, இன்னொரு பக்கம் பிரிந்து கிடந்தன. எங்கள் ஊர்ப் புரோட்டாவைக் குறுக்கே வெட்டி ஸ்கேன் எடுத்ததுபோல இருந்தது. சி.டி. ஸ்லைஸ், அதாவது எக்ஸ்ரேயால் எடுக்கும் குறுக்குவெட்டுப் படம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினேழு வருடமாக டெக்னீஷியன் வேலை; சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண். ஆனால் அது எந்த உறுப்பு என்று மட்டும் பிடிபடவில்லை.

உறுப்பே இல்லை. அது ஒரு புத்தகம்.

கி.பி. 79இல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி நகரத்தோடு சேர்ந்து ஹெர்குலேனியம் என்ற கடலோர ஊரும் புதைந்தது. அங்கே ஒரு பெரிய மாளிகையில் ஒரு நூலகம் இருந்தது. அதில் இருந்தவை பாப்பிரஸ் சுருள்கள். தீயில் விழுந்திருந்தால் நிமிடத்தில் சாம்பலாகியிருக்கும். எரிமலையிலிருந்து பாய்ந்து வந்த சூடான வாயுவும் சாம்பலும் மேலே மூடி, காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டதால், கரிமூட்டத்துக்குள் அடுக்கிய கருவேல விறகு மாதிரி உருவம் கலையாமல் கரியாகிவிட்டன. அப்படி ஒரு கரிக்கட்டையைத் திறக்காமல், தொடாமல், எக்ஸ்ரேயை மட்டும் வைத்து, அதற்குள் இருந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டார்கள் என்பதுதான் அன்றைய செய்தி. 'பொர்ஃபுராஸ்'. கிரேக்கத்தில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். படித்தவர் லூக் ஃபாரிட்டர், அப்போது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர்.

அன்று விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்தியின் ஆச்சரியம் பாதிக் காரணம். மீதிப் பாதி என் பெரியம்மா. அதற்கு வருகிறேன். முதலில் இந்தக் கரிக்கட்டைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல், இலக்கியம், ஸ்கேன், மனநலம் எல்லாம் ஒரே பொருளுக்குள் இப்படிச் சுருண்டு கிடந்து நான் பார்த்ததில்லை.

1750இல் கிணறு தோண்டியவர்கள் மண்ணுக்கு அடியில் மாளிகையைக் கண்டார்கள். கார்ல் வெபர் என்ற சுவிஸ் ராணுவப் பொறியாளர் சுரங்கம் போட்டு உள்ளே போனார். 1752இல் சுருள்கள் வெளியே வரத் தொடங்கின. பார்த்தவர்களுக்கு அவை வெறும் கரித்துண்டுகள். தூக்கி எறிந்தவை, உடைந்து போனவை எத்தனையோ. ஒன்று உடைந்தபோது உள்ளே எழுத்து தெரிந்ததால்தான் மற்றவை பிழைத்தன. முழுச் சுருள், அரைச் சுருள், துண்டு எல்லாம் சேர்த்து 1,800க்கும் மேற்பட்டவை பட்டியலில் இருக்கின்றன.

திறப்பது எப்படி? முதலில் கத்தியால் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தார்கள். மேலோடு மட்டும் தப்பியது, நடுப்பகுதி சிதைந்தது. 1753இல் வத்திக்கானிலிருந்து அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார் வந்தார். அவர் ஒரு சட்டம் செய்தார். சுருளைத் தொங்கவிட்டு, அதன் ஓரத்தில் விலங்குச் சவ்வைப் பசை வைத்து ஒட்டி, பட்டு நூலில் கட்டி, நாளுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் இழுத்து விரித்தார். முதல் சுருளுக்கு மட்டும் நான்கு வருடம் ஆனது. இசையைப் பற்றிய நூல் அது. எழுதியவர் ஃபிலோடீமஸ். இன்றைய ஜோர்டானில் இருக்கும் கதாராவில் பிறந்து, கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்து வாழ்ந்தவர். எபிகூரஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியின் வழியில் வந்த தத்துவவாதி.

நான்கு வருடம் ஒரு கரிக்கட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பாதிரியாரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பொறுமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பசை காய்வதற்குள் தும்மல் வந்தால் ஒரு வரி போச்சு. அப்படி நான்கு வருடம்.

அடுத்து வந்தவர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியவர், ஹம்ஃப்ரி டேவி. சோடியம், பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தவர், குளோரினுக்குப் பெயர் வைத்தவர். இவர் 1819ஐ ஒட்டி நேப்பிள்ஸ் போய், சுருள்களை வேதியியலால் பிரித்துவிடலாம் என்று இறங்கினார். குளோரின் வாயுவைக் காட்டினார். கரித்தாள் புகைந்து மஞ்சளானது, எழுத்து கொஞ்சம் துலங்கியது. அயோடின் ஆவியையும் காட்டினார். அதுவும் கொஞ்சம் வேலை செய்தது. இருபதுக்கும் மேற்பட்ட சுருள்களைக் கொஞ்சம் கொஞ்சம் விரித்தார். 1821இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதி வெளியிட்டார். ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இல்லை, அங்கே இருந்தவர்களோடும் ஒத்துப்போகவில்லை. விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அயோடின்! படித்தபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது அது புத்தம் புதிய தனிமம். 1811இல் பெர்னார் கூர்துவா கடற்பாசிச் சாம்பலில் கண்டுபிடித்தது. அது ஒரு தனிமம்தான் என்று 1813இல் பாரிஸில் சோதித்துச் சொன்னவர்களில் இதே டேவியும் ஒருவர். அந்த அயோடினைத்தான் நான் தினமும் கையில் எடுக்கிறேன். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'காண்ட்ராஸ்ட்'. கையில் கேனுலா ஊசி போட்டு, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்து, அலர்ஜி உண்டா என்று கேட்டு, அப்புறம் சொல்லுவேன்: "மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும். வாயில இரும்பு மாதிரி ருசி வரும். பயப்படாதீங்க, ஒரு நிமிஷத்துல போயிரும்." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், சாம்பலுக்குள் சாம்பலாக மறைந்திருந்த ரத்தக்குழாய்கள் வெள்ளையாக எரியும். அயோடினின் அணு கனமானது. எக்ஸ்ரேயை நிறைய விழுங்கும். சுற்றியிருக்கும் சதையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் லேசான அணுக்கள். அந்த வித்தியாசம்தான் படம்.

1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. எது எக்ஸ்ரேயை எவ்வளவு விழுங்குகிறது என்று இன்றும் எங்கள் திரையில் ஓடும் எண்களுக்கு அவர் பெயர்தான். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. மூளைத் திசு முப்பது, நாற்பது. புதிதாகக் கசிந்த ரத்தம் அறுபதுக்குப் பக்கம். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வித்தியாசம் இருப்பதால்தான் தலையில் அடிபட்டு வருபவரின் ரத்தக்கசிவு தெரிகிறது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்? கசிவு இருக்கும். படத்தில் இருக்காது.

ஹெர்குலேனியத்தில் சிக்கல் இதேதான். மை புகைக்கரியால் செய்தது. அதாவது கார்பன். தாளும் எரிந்து கார்பன் ஆகிவிட்டது. கரியின் மேல் கரியால் எழுதியதை எக்ஸ்ரே எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரெண்ட் சீல்ஸ் என்ற கணினி விஞ்ஞானி இதில் இருபது வருடத்துக்கும் மேலாக முட்டிக்கொண்டிருக்கிறார். 2009இல் பாரிஸில் இருக்கும் இரண்டு சுருள்களை ஸ்கேன் எடுத்தார். நெப்போலியன் காலத்தில் பரிசாகப் போனவை அவை. அடுக்குகள் அழகாகத் தெரிந்தன. எழுத்து? ஒன்றும் இல்லை. ஆனால் அவரது முறை சரியானது என்பது வேறொரு சுருளில் நிரூபணமானது. இஸ்ரேலில் சாக்கடல் பக்கம் என்கெதி என்ற இடத்தில், பழங்காலத்தில் எரிந்துபோன யூதக் கோயில் ஒன்றில் 1970இல் கிடைத்த கரித்துண்டு அது. அதை ஸ்கேன் எடுத்து, கணினியிலேயே அடுக்கு அடுக்காகப் பிரித்து விரித்தபோது, பைபிளில் வரும் லேவியராகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள் வரிவரியாக வந்தன. 2016இல் வெளியானது. அங்கே மையில் உலோகம் கலந்திருந்தது. அதனால் வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஊசியில் ஏற்றும் காண்ட்ராஸ்ட்டை அங்கே எழுதியவரே ஏற்றி வைத்திருந்தார்.

ஹெர்குலேனியத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சில துண்டுகளின் மையில் ஈயம் இருப்பது 2016இல் தெரிந்தது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

இங்கே பெரியம்மாவைச் சொல்ல வேண்டும்.

சேரன்மகாதேவியில் இருக்கிறார். 2021இல் பெரியப்பா தவறினார். எட்டு மாதம் கழித்து முதல் முறை தலை ஸ்கேனுக்கு வந்தார். தலைக்குள் ஏதோ ஊர்கிறது, பாரமாக இருக்கிறது, தூக்கமே இல்லை. சி.டி. எடுத்தோம். ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் எம்.ஆர்.ஐ. அதிலும் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் சொல்வது டாக்டர் வேலை, டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் பெரியம்மா என்னைத்தானே கேட்பார்? 2023 செப்டம்பரில் மூன்றாவது முறை. டேபிளிலிருந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"ஏட்டி, நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் பெரியம்மா. உங்க மூளை தங்கம் மாதிரி இருக்கு. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா, நான் பொய்யா சொல்லுதேன்?"

நான் சிரித்துக்கொண்டே, இது நல்ல செய்தி, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் செருப்பைத் தேடும்போது அவர் முதுகைப் பார்த்தேன். சின்னதாகிவிட்டது போல இருந்தது. அடுத்த பேஷண்ட்டைக் கூப்பிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தச் செய்தி.

மை எப்படிக் கிடைத்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதுதான் முக்கியம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் 'டயமண்ட்' என்ற சின்குரோட்ரான் இருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்கும் அதிகச் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடவிட்டு, அதிலிருந்து கிடைக்கும் எக்ஸ்ரேயால் படம் எடுக்கும் இடம். 2019இல் பாரிஸ் சுருள்களை அங்கே கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கள் இயந்திரத்தில் மிக மெல்லிய ஸ்லைஸ் அரை மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். அங்கே ஒரு புள்ளி ஏறத்தாழ 8 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரில் அறுபது புள்ளி. அந்தப் படங்களிலும் வெறும் கண்ணுக்கு மை தெரியவில்லை.

2023 மார்ச்சில் சீல்ஸும், நாட் ஃப்ரீட்மன், டேனியல் கிராஸ் என்ற இரண்டு தொழில்முனைவோரும் சேர்ந்து அந்தப் படங்களை உலகத்துக்கே திறந்துவிட்டு, படிப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பலர் கணினி நிரல் எழுதினார்கள். கேசி ஹேண்ட்மர் என்ற இயற்பியலாளர் மட்டும் வேறொன்று செய்தார். மணிக்கணக்கில் உட்கார்ந்து படத்தை வெறும் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஓர் இடத்தில் தாளின் பரப்பு வேறு மாதிரி இருப்பது பிடிபட்டது. காய்ந்த குளத்துச் சேறு வெடித்தது போன்ற மெல்லிய வெடிப்புகள். அந்த வெடிப்புகள் சேர்ந்து ஒரு எழுத்தின் வடிவத்தில் இருந்தன.

மை தாளுக்குள் ஊறிப் போகவில்லை, மேலே ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது. எரிந்தபோது படலம் வெடித்திருக்கிறது. அடர்த்தியில் வித்தியாசம் இல்லை என்றாலும் அமைப்பில் இருந்தது. நம்மூர்ப் பனையோலையில் எழுத்தாணி கீறுவதால் எழுத்து பள்ளமாக இருக்கும், அப்புறம் கரியைத் தடவித் துலக்குவோம். இங்கே எழுத்து மேடு. பாப்பிரஸ் என்ற செடியும் நமக்கு அந்நியம் இல்லை, கோரைப்புல்லின் இனம்தான் அது. தண்டின் சோற்றைப் பட்டை பட்டையாகச் சீவி, ஒரு அடுக்கு குறுக்கே, ஒரு அடுக்கு நெடுக்கே வைத்து அழுத்தி எடுத்த தாள். பெரிதாக்கிய ஸ்கேன் படத்தில் அந்த நார்கள் பெரியம்மா வீட்டுப் பத்தமடைப் பாயைப் போலவே ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். அந்தப் பின்னலின் மேல் இந்தச் சேற்று வெடிப்பு. தெரிந்துகொண்டு பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. தெரியாதவரை அங்கே எதுவுமே கிடையாது.

2019இல் எடுத்த படம். எழுத்து அன்றைக்கே அதில் இருந்திருக்கிறது. நாலு வருடமாக எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குப் பெரியம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபாரிட்டர் அந்த வெடிப்புகளை மாதிரியாகக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார். அது கண்டுபிடித்ததை வைத்து மறுபடி பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துகள் எழுந்துவந்தன. பெர்லினில் ஆய்வு மாணவராக இருந்த எகிப்துக்காரர் யூசுஃப் நாதிர் அதே சொல்லைத் தனியாக, இன்னும் தெளிவாக எடுத்தார். அப்புறம் சூரிச்சில் படித்த ஜூலியன் ஷில்லிகரோடு மூவரும் ஒரே அணியானார்கள். 2024 பிப்ரவரியில் 7 லட்சம் டாலர் பரிசு அவர்களுக்கு. பதினைந்து பத்திகள், 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். மொத்தச் சுருளில் அது சுமார் 5 சதவீதம்தான்.

கணினி தானாக எழுத்தைக் கற்பனை செய்யவில்லை என்று எப்படி நம்புவது? எங்கள் துறையிலும் இப்போது இதே கேள்விதான். ஏ.ஐ. சுட்டிக்காட்டும் புள்ளி நிஜக் கட்டியா, நிழலா? அங்கே அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. நிரலுக்குக் கிரேக்க எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு எழுத்தைவிடச் சின்னத் துணுக்கை மட்டும் காட்டி, இங்கே மை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். துணுக்குகளைச் சேர்த்தபோது எழுத்தாக வந்தது. அதைப் பாப்பிரஸ் படிக்கும் அறிஞர்கள் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்டார்கள். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபெடெரிக்கா நிக்கொலார்தி அவர்களில் ஒருவர். இலக்கியம் படித்தவர்கள் சரி என்று சொல்லும்வரை அது வெறும் கறைதான்.

சரி, என்னதான் எழுதியிருந்தது? இன்பத்தைப் பற்றி. இசை, சாப்பாடு, கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டு. அரிதாகக் கிடைப்பது என்பதாலேயே ஒரு பண்டம் ஏராளமாகக் கிடைப்பதைவிடச் சுவையாகிவிடுமா என்று ஒருவர் யோசிக்கிறார், ஆகாது என்கிறார். எழுதியவர் ஃபிலோடீமஸாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. 2025இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் இன்னொரு சுருளின் தலைப்பையும் திறக்காமலே படித்தார்கள். அதுவும் அவருடையது, தீய குணங்களைப் பற்றிய நூல். அதில் முதலில் வெளிப்பட்ட சொற்களில் ஒன்று 'அருவருப்பு'. அந்தச் சுருளின் மை கொஞ்சம் அடர்த்தியானது, அதனால் எக்ஸ்ரேயில் எளிதாகத் தெரிகிறது.

ஃபிலோடீமஸைப் பற்றித் தேடிப் போனேன். அங்கேதான் மனம் வந்து சேர்ந்தது. எபிகூரஸின் வழியில் வந்தவர்களுக்குத் தத்துவம் என்றால் வைத்தியம். பயம், கவலை, கோபம், சாவு பற்றிய நடுக்கம், இவற்றை எப்படி ஆற்றுவது என்பதுதான் அவர்கள் கேள்வி. ஃபிலோடீமஸ் கோபத்தைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். கோபக்காரனுக்கு அவன் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கண்முன்னால் படமாகக் காட்ட வேண்டும் என்கிறார். நோயின் அளவை மருத்துவர் எடுத்துச் சொன்னதும், அதுவரை அலட்சியமாக இருந்த நோயாளி கவனிக்கத் தொடங்குவதைப் போல என்று அதற்கு உவமை. மாணவன் தன் குறையை ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லவும், ஆசிரியர் அவனை உடைக்காமல் திருத்தவும் எப்படிப் பேச வேண்டும் என்று இன்னொரு நூல். இவையெல்லாம் அந்த மாளிகைக் கரிக்கட்டைகளில்தான் கிடைத்தன, வேறெங்கும் பிரதி இல்லை.

இன்னொரு சுருளில் நான்கு வரி இருக்கிறது. கடவுளுக்குப் பயப்பட வேண்டாம். சாவைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்லது எளிதில் கிடைக்கும். கொடியது தாங்கக்கூடியது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டெட்ராஃபார்மகோஸ்', நாலு மருந்து. அது உண்மையில் அன்றைய ஒரு களிம்பின் பெயர். மெழுகு, கொழுப்பு, கீல், பிசின் நான்கையும் சேர்த்துக் காய்ச்சிப் புண்ணுக்குப் போடுவது. அந்தப் பெயரை மனதுக்கான மருந்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நான் இதையெல்லாம் படித்துவிட்டு என் வேலைக்குத் திரும்பினால், ஒரு கேள்வி நிற்கிறது. மனத்தின் வலியை ஸ்கேன் காட்டுமா? பேஷண்ட்டுகள் கேட்கிறார்கள். டிப்ரெஷன் என்று ஒருவருக்குச் சொல்ல இன்று எந்த ஸ்கேனும் பயன்படுவதில்லை. கட்டி, கசிவு, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் எடுக்கிறோம். ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2022 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் ஸ்காட் மாரெக்கும் பலரும் சேர்ந்து ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். மூளையின் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் மனநலம், சிந்தனைத் திறன் போன்றவற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை ஏறத்தாழ 50,000 பேரின் தரவை வைத்துப் பார்த்தார்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் மிகமிக மெல்லியது. அதை நம்பகமாகப் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்களை ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை வந்த ஆய்வுகள் வழக்கமாக 25 பேரைச் சுற்றித்தான் எடுத்திருந்தன. கரிமேல் கரி என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு பெரியம்மாவை டேபிளில் படுக்க வைத்து அந்த வித்தியாசத்தை எப்படிப் பார்ப்பது?

எங்கள் ரிப்போர்ட்டில் எழுதும் வாசகம் சரியானதுதான்: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. 'காணப்படவில்லை' என்றுதான் எழுதுகிறோம். நான்தான் அதை வாயால் சொல்லும்போது 'இல்லை' என்று ஆக்கிவிட்டேன். ஒரு சொல் மாறியது. மூன்று ஸ்கேனுக்கும் அவர் பணம் கட்டிக் கேட்டது ஒன்றுதான், என் வலியை யாராவது பாருங்கள் என்று. மூன்று முறையும் அங்கே வலியே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவிக்குப் போனேன். பாயில் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஸ்கேன்ல தெரியலங்கிறதால உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிராது பெரியம்மா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பேசத் தொடங்கினார். பெரியப்பா கடைசி ராத்திரி தண்ணீர் கேட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அந்த டம்ளரை அலம்பாமல் அப்படியே வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. படுத்தால் அந்த டம்ளர்தான் தலைக்குள் வருகிறது.

மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் அவர் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மாத்திரை, வாரம் ஒருமுறை பேச்சு. சட்டென்று மாறவில்லை. நாலைந்து மாதத்தில் தூக்கம் வந்தது. தலைப் பாரம் இருக்கிறது, ஆனால் தினமும் இல்லை. இந்த வருடம் வீட்டு முன்னால் கனகாம்பரம் வைத்திருக்கிறார்.

போன மாதம் போயிருந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து கரிக்கட்டைக் கதை முழுவதையும் சொன்னேன். எரிமலை, பாதிரியாரின் பட்டு நூல், சேற்று வெடிப்பு எல்லாம். பூக் கட்டிக்கொண்டே கேட்டார். பாதிரியார் இடத்தில் மட்டும் கையை நிறுத்தி, "நாலு வருசமா?" என்றார். நாலு மருந்தையும் சொன்னேன்.

"மொதல் மூணு சரி. நாலாவது சொன்னவனுக்கு வீட்டுல யாரும் சாகல போல."

அதே ஃபிலோடீமஸ் சாவைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். சாவில் பயப்பட ஒன்றும் இல்லை என்று பக்கம் பக்கமாக வாதாடிக்கொண்டு போகிறவர், ஓர் இடத்தில் நின்றுவிடுகிறார். தன்னை நம்பியிருக்கும் தாய் தகப்பனையும் பிள்ளைகளையும் மனைவியையும் விட்டுப் போகிறவனுக்கு ஏற்படும் வேதனை இயல்பானது என்று ஒத்துக்கொள்கிறார்.

பெரியம்மா நாரை முடிந்து, கட்டிய பூவை முறத்தில் சுருட்டி வைத்தார்.

"அப்படி எழுதியிருக்கானா?"

"ஆமா பெரியம்மா."

"கரிக்குள்ளயா?"

"ஆமா. இன்னும் நூத்துக்கணக்குல பிரிக்காமக் கிடக்கு. இப்பப் படிக்கிற சுருளுலயே நூத்துல அஞ்சு பங்குதான் முதல்ல வந்துச்சு."

"மிச்சத்தையும் படிச்சாங்கன்னா வந்து சொல்லு, என்ன?" என்றார்.